கடிகாரக்காரர் இருக்கிறாரா, இல்லையா?

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையிலிருக்கும் பேனாவின் மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள். மறுபடியும் கழற்றுவாள், மாட்டுவாள். கிடங்கில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்த 'டிக் டிக்' கேட்டுவிட்டால் அவள் மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து மூடி ஓயவே இல்லை.

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. நாவல் எழுதுகிற தம்பிக்குப் பதிப்பாளர் எழுதியது. தம்பி அதைப் படித்துவிட்டு, வழக்கம்போல அக்கா தலையில் கட்டிவிட்டான்.

'பதினேழாம் அத்தியாயத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் காலமாகிவிட்டதாகத் தெரிகிறது. இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவரே வந்து உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். தொடராக வந்தபோதே ஒரு வாசகர், கையெழுத்துப் போட்டது ஆவியா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டில் ஒன்றை முடிவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும். தவறினால் புத்தகத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.'

பதிப்பாளர்களுடைய அடுத்த வருடம் எப்படிப்பட்டது என்று அக்காவுக்குத் தெரியும். தம்பியின் முதல் புத்தகம் இதுவரை மூன்று 'அடுத்த வருடங்களை'ப் பார்த்துவிட்டது. நாலாவதையும் பார்த்தால் அது புத்தகமாகாது, பரண்மேல் ஏறிவிடும்.

அக்கா படித்தது ஒன்பதாம் வகுப்பு. பம்பு உதிரிபாகக் கிடங்கில் இருப்புப் பேரேடு அவள் பொறுப்பில் வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. வால்வு, வாஷர், பேரிங், கேஸ்கட் என்று நாலாயிரத்துச் சொச்சம் சாமான்கள். எது எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் பேரேட்டில் 'சுமார்' என்ற சொல்லே கிடையாது. ஒரு தடவை புது மேலாளர் "ஏறக்குறைய இருநூறுன்னு போட்டுக்கங்களேன்" என்றதற்கு, "ஏறவா, குறையவா சார்?" என்று கேட்டவள்.

இந்தக் கறாரை அவள் கிடங்கோடு விட்டுவிடவில்லை. தம்பி எழுதுகிற கதைகளுக்கும் ஒரு பேரேடு வைத்திருந்தாள். நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். வயது, வேலை, எந்தக் கையால் சாப்பிடுகிறார், முதலில் எந்த அத்தியாயத்தில் வந்தார், என்ன நிறச் சட்டை என்று எல்லாம் அதில் இருக்கும். வாரப் பத்திரிகைக்கு அத்தியாயம் போவதற்கு முன்னால் அக்காவின் நோட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். இடது கன்னத்துத் தழும்பு வலது கன்னத்துக்கு மாறியதை அவள்தான் பிடித்தாள். ஒரு பெண் பதினோரு மாதமாகக் கர்ப்பமாக இருந்தபோது, "என்னடா, யானையா பெத்துக்கப் போறா?" என்று கேட்டதும் அவள்தான்.

அவ்வளவு பெருமை அவளுக்குத் தம்பிமேல். கிடங்குக்கு லாரி ஓட்டி வருகிறவர்கள்கூட அந்தத் தொடரின் கதையைக் கேட்காமல் சரக்கை இறக்க முடியாது. "என் தம்பி எழுதுறான்" என்று அவள் ஆரம்பித்தால் ரசீதில் கையெழுத்து வாங்க அரைமணி நேரம் ஆகும்.

ஆனால் தம்பியிடம் ஒரு கோளாறு உண்டு. அவன் கதையில் யாரும் சாகமாட்டார்கள். சாவார்கள், ஆனால் அவன் சொல்லமாட்டான். ஒருத்தருடைய நாற்காலி காலியாகும். இன்னொருத்தருடைய செருப்பு வாசலில் அசையாமல் கிடக்கும். இந்த நாவலில் ஒரு பாட்டுக்காரி 'கடைசி வரியைக் காற்றிடம் கொடுத்தாள்'. பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஒன்பதாம் அத்தியாயத்தில் 'முகவரி இல்லாத ஊருக்குப் பயணமானார்'. பத்திரிகை ஆசிரியர் இதையெல்லாம் மென்மையான நடை என்று பாராட்டி எழுதியிருந்தார். அக்காவின் நோட்டில் அந்த மென்மைக்கெல்லாம் ஒரே அடையாளம்தான். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

கடிகாரக்காரர் பக்கத்திலும் போட்டிருந்தாள். 'அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடி மடியில் மெல்லச் சாய்ந்தது. சாயங்கால மழை நின்றிருந்தது.' அத்தியாயம் பதினேழு அதோடு முடிந்தது. "ஆளு தூங்குறாரா, போயிட்டாரா?" என்று அப்போதே கேட்டாள். "படிச்சாப் புரியும்க்கா" என்று தம்பி சிரித்தான். பிறகு இருபத்தொன்பதில் அவர் கையெழுத்துப் போட வந்ததும், சரி, தூங்கித்தான் இருக்கிறார் என்று நினைத்து அந்தக் கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டாள்.

மூடி ஓயாததற்குக் காரணம் அதுதான். பதிப்பாளர் கண்டுபிடித்த தப்பு அவள் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் அழித்த தடம் இன்னும் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நேராகத் தம்பி வேலை பார்க்கிற கடைக்குப் போனாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். நாற்காலியில் உட்கார்ந்தவரின் முகத்தில் இரும்பு வளையத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா? இதுவா, அதுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆள் எழுந்து போகிறவரை அக்கா காத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் தெளிவாத் தெரிய வைக்கிறே. உன் கதையில மட்டும் ஒரே மூடுபனி. கடிகாரக்காரர் இருக்காரா, இல்லையா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? உட்காருக்கா."

"உட்கார வரலை. செத்தாரா, சாகலையா? ஒரே வார்த்தை சொல்லு. நோட்டுல எழுதிட்டுப் போயிடறேன்."

தம்பி கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். "பதினேழுல அவரு... அதான், மழை நின்னுடுச்சில்ல."

"மழை நின்னா ஆளு செத்துட்டாருன்னு அர்த்தமா? அப்படிப் பார்த்தா போன வாரம் நம்ம தெருவே காலி."

"இருபத்தொன்பது எழுதும்போது அவரு மனசுல இருந்தாருக்கா. எனக்கே மறந்துபோச்சு. ரெண்டும் அப்படியே இருக்கட்டுமே? வாசகருங்க புரிஞ்சுக்குவாங்க."

"என்னத்தைப் புரிஞ்சுக்குவாங்க? நீ கொன்ன ஆளையே நீ மறந்துட்டே. ஏன் மறந்தே? ஒழுங்காக் கொல்லலை, அதான் மறந்தே."

கடைக்காரர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா குரலை இறக்கினாள். "வெள்ளிக்கிழமைடா. ஒரே ஒரு வரி. 'செத்துப்போனார்'னு எழுது. இருபத்தொன்பதுல சாட்சிக்கு வேற ஆளைப் போடு. கால்மணி நேர வேலை."

"சரிக்கா. எழுதறேன்."

அவன் 'சரிக்கா' என்ற விதத்திலேயே எழுதமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

புதன்கிழமை அவள் தம்பி வீட்டுக்கே போய்விட்டாள். தம்பி சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தான். கிழித்த தாள்கள் காலடியில் கிடந்தன. தம்பி மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. நேத்திலேருந்து இப்படித்தான். இவரை நம்பி ஒரு ஆளைக் கொல்லச் சொல்லியிருக்கீங்க பாருங்க. எங்க வீட்டுல கரப்பான்பூச்சியை நான்தான் அடிக்கணும். இவரு அடுத்த ரூம்ல நின்னுக்கிட்டு, 'அது கிளம்பிடுச்சா?'ன்னு கேப்பாரு."

"சும்மா இருடி" என்றான் தம்பி.

அக்கா குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். ஒன்றில் 'பெண்டுலம் ஓய்ந்தது' என்று இருந்தது. இன்னொன்றில் 'காலம் அவரைக் கழற்றி வைத்தது'. மூன்றாவதில், 'அவர் இனி யாருக்கும் நேரம் சொல்லமாட்டார்'. தபால்காரரை முகவரி இல்லாமல் அனுப்பியவன் கடிகாரக்காரருக்குப் பெண்டுலத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். நல்லவேளை, கதையில் சமையல்காரர் யாரும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏண்டா, உனக்கு அந்த ஒரு வார்த்தை எழுதக் கை வராதா?"

"அது வார்த்தையா அக்கா? கல்லைத் தூக்கி மூஞ்சியில போடற மாதிரி இருக்கு. படிக்கிறவங்க வீட்டுல யாராவது... இருக்கமாட்டாங்களா?"

"அவங்க வீட்டுல செத்தவங்க செத்துத்தான் இருப்பாங்க. நீ பூ வச்சா எழுந்து வரப்போறாங்களா?"

தம்பி பேனாவை மேசைமேல் எறிந்தான். அவன் அப்படிச் செய்கிற ஆளில்லை. மடித்த சட்டையோடு அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு பேசறியே, நீயே எழுது. ஒரு வரிதானே? எழுதிக் கொண்டா. எழுத்து மாறாம அப்படியே சேர்த்துடறேன்."

"எழுதமாட்டேன்னு நினைச்சியா? நாளைக்குச் சாயங்காலம் உன் கையில இருக்கும்."

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கிடங்கின் பின்பக்க மேசையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் ரப்பர் வளையங்களின் வாசனை. ஒரு வெள்ளைத் தாள், ஒரு ஸ்கேல், பேனா. எந்தக் காரியத்துக்கும் அவளுக்கு ஸ்கேல் வேண்டும். 'கடிகாரக்காரர்' என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

'போய்ச் சேர்ந்தார்' என்று வந்தது.

எங்கே போய்ச் சேர்ந்தார்? சரக்கு ரயிலா அவர்? அடித்தாள். 'கண்ணை மூடினார்.' மூடினவர் திறக்கமாட்டாரா? அதையும் அடித்தாள். 'உயிர் பிரிந்தது.' பத்திரிகைக் கடைசிப் பக்கத்தில் படம் போட்டு அறிவிக்கிற மாதிரி இருந்தது. 'இல்லாமல் போனார்.' இல்லாமல் போவது வாஷர். வாஷர் காணாமல் போனால் அவள் மூன்று நாள் தேடுவாள்.

தாள் முழுக்க அடித்தல் திருத்தலாக ஆகிவிட்டது. இருபத்தேழு வருடத்தில் அவள் கைபட்ட எந்தத் தாளும் இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை. எரிச்சலில் மூடியைக் கழற்றி மாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, கிடங்கில் சாமான் தள்ளுகிற மீசைக்காரர் தள்ளுவண்டியில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அக்கா, இதுவும் செத்துப்போச்சு. உள்ளே கம்பிக் காயில் கருகிடுச்சு. எழுதிக்கங்க."

அக்கா பேரேட்டை இழுத்தாள். எண், தேதி, நேரம், 'காயில் கருகியது, பயன்படாது' என்று மளமளவென்று எழுதினாள். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எழுதி முடித்தபின் பேரேட்டையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா முறைக்கிறீங்க? நானா கருக்கினேன்?"

"போய்யா, உன் வேலையைப் பாரு."

அவர் போன பிறகு வேறு தாள் எடுத்தாள். பேரேட்டில் எழுதுகிற மாதிரியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பேரேட்டுக்கு முதலில் நேரம் வேண்டும். எந்தப் பதிவும் தேதி, நேரம் இல்லாமல் செல்லாது. நேரத்தை எழுதினாள். அது வந்ததும் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது. இரண்டே வரிகள். ஒரு அடித்தல்கூட இல்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை. அவள் சரிபார்க்காமல் கையை விட்டு அனுப்பிய முதல் தாள் அதுதான்.

சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லை. தம்பி தாளை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தான்.

'விடியற்காலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கடிகாரக்காரர் செத்துப்போனார். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தார்.'

தம்பி இரண்டு தடவை படித்தான். பிறகு சிரித்தேவிட்டான். "மாட்டிக்கிட்டியா! பதினேழாவது அத்தியாயம் சாயங்காலம்க்கா. மழை நிக்குதே, சாயங்கால மழை. நீ விடியக்காலைன்னு போட்டிருக்கே. பக்கத்துலயும் யாரும் கிடையாது, அவரு தனி ஆளு. நோட்டைப் பார்க்கவே இல்லையா நீ?"

அக்கா தாளை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. பையில் கைவிட்டுப் பேனாவைத் தேடினாள்.

"நாலு பத்து எங்கேருந்து வந்துச்சு?" என்று தம்பி கேட்டான். இன்னும் அவன் முகத்தில் சிரிப்பு பாக்கி இருந்தது.

பேனா கையில் அகப்பட்டது. மூடியைக் கழற்றினாள். மாட்டவில்லை.

"அது அம்மாவோட நேரம்."

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு எட்டு. அப்பா அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் அவன் திரும்பி வந்து, அம்மா எங்கே என்று கேட்டான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அக்காதான் சொன்னாள், வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், வர நாளாகும் என்று. தினமும் சாயங்காலம் கேட்பான். தினமும் அதையே சொல்வாள். ஒரு வியாழக்கிழமை அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. முப்பத்தொரு வருடமாக இரண்டு பேரும் 'அம்மா இருந்தப்போ' என்று பேசுவார்கள். அதற்கு அடுத்த வரியை யாரும் பேசியதில்லை.

"நாலு பத்தா?" என்றான் தம்பி.

"நாலு பத்து. ஆனா அந்தச் சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகம். சரியாப் பார்த்தா நாலு எட்டு."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"வேற ஊரு ஆஸ்பத்திரின்னு சொன்னே."

"சொன்னேன். நான் எழுதினதுல பொய்ப் பதிவு அது ஒண்ணுதான்." அக்காவுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் கழித்து, அதுவும் கண்ணாடிக் கடையில், அடுத்தவன் கதையைச் சரிபார்க்க வந்த இடத்தில் இது வெளியே வந்ததே என்று ஆத்திரமாகத்தான் இருந்தது. "பெரிய ஆளானதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீ கேட்கறதை நிறுத்திட்டே."

"ஸ்கூல்ல ஒருத்தன் சொல்லிட்டான்" என்றான் தம்பி. "நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ சொல்லலை. சரி, அதைச் சொல்லக்கூடாது போலன்னு இருந்துட்டேன்."

கடைக் கதவு திறந்தது. ஒரு அம்மாள் உடைந்த கண்ணாடிச் சட்டத்தோடு உள்ளே வந்தார். தம்பி எழுந்துபோய், திருகாணி போட்டு, துடைத்து, அவர் காதில் மாட்டிப் பார்த்து அனுப்பிவைத்தான். நிதானமாகத்தான் செய்தான். ஆனால் திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது.

திரும்பி வந்து தாளைத் தன் பக்கம் இழுத்தான். 'விடியற்காலை' என்பதை அடித்து 'மாலை' என்று எழுதினான். நான்கு மணி பத்து நிமிடத்தை விட்டுவைத்தான். பக்கத்தில் விழித்திருந்தவரை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தனி ஆளாச்சே" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். யாருன்னு முன்னாடி அத்தியாயத்துல ஒரு ஆளைக் கொண்டுவந்துடறேன்."

'செத்துப்போனார்' என்ற சொல்லின்மேல் பேனா முனை ஒருமுறை வந்து நின்றது. அக்கா அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டாள். பேனா தாண்டிப் போயிற்று.

"அப்ப இருபத்தொன்பதுல சாட்சிக் கையெழுத்து?" அவள் நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. யாரைப் போடப்போறே?"

"அதுக்கென்ன, பக்கத்து வீட்டுத் தபால்காரரைப் போட்டுடலாம்."

அக்கா அவனை முறைத்தாள். நோட்டைப் புரட்டித் தபால்காரர் பக்கத்தைத் திறந்து, அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்தில் பென்சில் கேள்விக்குறி.

"ஒன்பதாவது அத்தியாயத்திலேயே முகவரி இல்லாத ஊருக்கு மூட்டை கட்டிட்டியேடா அவரை! போன மனுஷன் திரும்பி வந்தாரா, இல்லையா? இதையாவது வாயைத் திறந்து சொல்லித் தொலை."

தம்பி கேள்விக்குறியைப் பார்த்தான். கடைக்காரர் உள்ளறையிலிருந்து மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"செத்துட்டாருக்கா" என்றான்.

அக்கா ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தாள். அந்த இடத்தில் பேனாவால் எழுதினாள். மை காய ஊதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"சரி. இந்தப் பாட்டுக்காரி?"